யாரந்த மூடி கிரண்?

கந்தையா திருநாவுக்கரசு தம் வாழ்நாளில் இரண்டே இரண்டு முறைதான் மேடைப் பேச்சை மூன்று நிமிடத்துக்குள் முடித்திருக்கிறார். முதல் முறை மின்சாரம் போயிருந்தது. இரண்டாம் முறை என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த வரலாறு.

மற்ற நாட்களில் அவருடைய பேச்சு, ‘ஒரே ஒரு விசயம் சொல்லிப்போட்டு முடிக்கிறன்’ என்ற வாக்கியத்தில்தான் உண்மையாகத் தொடங்கும். அதற்கு முன்னால் போன இருபது நிமிடத்தை அவர் தொண்டையைச் செருமிக்கொண்ட கணக்கில் சேர்க்க வேண்டும். முடிக்கிறேன் என்றவர் முடிப்பார் என்று நம்பி எழுந்து குடையைத் தேடுபவர்கள், ஒக்லாந்துக்குப் புதிதாக வந்திறங்கியவர்கள். பழைய ஆட்கள் அந்த வாக்கியம் வந்ததும் தேநீர் எடுக்கப் போவார்கள். ஆற அமரக் குடித்துவிட்டுத் திரும்பும்போது அது மூன்றாம் தடவையாக வந்துகொண்டிருக்கும்.

ஐம்பத்து நான்கு வயது. கோண்டாவிலில் பிறந்து, அகதியாக வந்து, பிளாக்ஹவுஸ் பேயில் வீடும் மோர்ட்கேஜும் பெற்றவர். பென்ரோஸில் குளியலறைச் சாமான்கள் அனுப்பும் கிடங்கொன்றில் மேற்பார்வையாளர். நாட்டின் வடபாதியில் புதிதாகப் பொருத்தப்படும் கழிப்பறைக் கோப்பைகளில் கணிசமான பகுதி அவர் கையெழுத்தோடுதான் புறப்படுகிறது. இந்தப் பெருமையை அவர் மேடையில் சொல்வதில்லை. மேடையில் அவர் கொன்னக்கோல் கலைஞர். சிறுவயதில் இரண்டு வருடம் மிருதங்கம் படித்தார். மிருதங்கம் வரவில்லை. சொற்கட்டு மட்டும் வாயில் தங்கிவிட்டது. கை செய்ய வேண்டிய வேலையையும் வாயே பார்த்துக்கொள்ளும் கலை என்பதால் அது அவருடைய இயல்புக்கு நன்றாகப் பொருந்தியது.

அவருக்கு ஒரு குறை இருந்தது. மேற்கு ஒக்லாந்து முத்தமிழ் மன்றம் ஆண்டுதோறும் ‘கலைச்சுடர்’ என்றொரு பட்டம் கொடுக்கும். பட்டயம், பொன்னாடை, ஏற்புரைக்கு ஐந்து நிமிடம். பதினொரு வருடமாக அந்தப் பட்டம் அவருக்குப் பக்கத்து நாற்காலி வரை வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு வருடம் ஒலிபெருக்கி இரவல் தந்தவருக்குப் போனது. இன்னொரு வருடம் தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை என்று தலைவர் சபாரத்தினம் அதைத் தமக்கே வழங்கிக்கொண்டார். தமக்குத் தாமே பொன்னாடை போர்த்துவது அடக்கமாக இராது என்பதால் மனைவியைக் கொண்டு போர்த்துவித்தார்.

இந்த வருடம் மார்ச் மாதக் கூட்டத்தில் சபாரத்தினம் ஒரு விதியும் கொண்டுவந்தார். எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் எல்லைக்கல் நட்டுத்தான் பேசுவார்.

“இனிமேல் வெளிவந்த ஆக்கம் ஒண்டு இருக்க வேணும். புத்தகமெண்டால் புத்தகம், அல்பம் எண்டால் அல்பம். சும்மா வாயால கதைக்கிறது ஆக்கம் இல்லை.”

“அண்ணை, கொன்னக்கோல் வாயாலதானே சொல்லுறது,” என்றார் திருநாவுக்கரசு.

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

கூட்டம் சிரித்தது. திருநாவுக்கரசும் சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழி முழுவதும், தம்முடைய குரல் ஓர் அல்பத்தில் வந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனார். செப்டம்பரில் ஆண்டு விழா. நடுவில் ஆறு மாதம்.

இந்த இடத்தில் மேற்கு ஆபிரிக்கா வருகிறது.

எப்ரிமா கனூத்தே, காம்பியா நாட்டவர், அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ரானுயியில் வீடு. அங்கே கராஜில் கார் கிடையாது, கோரா இருந்தது. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட கழி செருகி, இருபத்தொரு நரம்பு கட்டிய வாத்தியம். அவருடைய குலமே கோரா வாசித்துப் பாடும் குலம். அப்படிப்பட்டவரை அவர்கள் மொழியில் ‘ஜாலி’ என்பார்கள். ஒரு மனிதனை உட்கார வைத்து, அவன் யார் மகன், யார் பேரன் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடுவது ஜாலியின் தொழில். புகழவும் செய்யலாம், குத்தவும் செய்யலாம். எது பாடினாலும் கேட்பவன் கோபிக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எப்ரிமா இந்தச் சலுகையைக் கிடங்கிலும் எடுத்துக்கொண்டார். பெட்டி தூக்கச் சொன்னால், ஜாலி சுமை தூக்குவதில்லை என்பார். இயந்திரம் தூக்குவதில் ஆட்சேபணையில்லை.

ஒருநாள் காலை பத்து மணிக்கு, ஸ்மோக்கோ எனப்படும் இடைவேளையில், தேநீரும் பிஸ்கட்டுமாக எல்லோரும் உட்கார்ந்திருக்கையில், எப்ரிமா கைப்பேசியில் தம் வாத்தியத்தின் படத்தைக் காட்டி, புதிய அல்பம் ஒன்று பதிவு செய்வதாகச் சொன்னார். இருவரும் பேசியது பென்ரோஸ் ஆங்கிலம். அதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்.

“இது யாழ்,” என்றார் திருநாவுக்கரசு.

“கோரா,” என்றார் எப்ரிமா.

“நீர் இப்ப கோரா எண்டுறீர். நாங்கள் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னமே யாழ் எண்டு சொல்லிப்போட்டம். எங்கட ஊரின்ர பேரே யாழ்ப்பாணம். யாழ் வாசிச்ச ஒரு குருட்டுப் பாணனுக்கு ராசா பரிசாக் குடுத்த ஊர்.”

எப்ரிமா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “ஒரு பாட்டுக்கு ஒரு ஊரா?”

“ஒரே ஒரு பாட்டுக்கு.”

“அப்ப அந்த ஆள் எங்க ஆள்.”

“என்னது?”

“யோசிச்சுப் பாருங்க, பிக் மேன். கையில கோரா. ராஜாவைப் புகழ்ந்து பாடுறான். பாடி முடிச்சதும் ஊரையே வாங்கிட்டுப் போறான். அவன் கடல் தாண்டி வந்த ஜாலிதான். நீங்க எங்க ஊர்லதான் பிறந்திருக்கீங்க.”

யாழ்ப்பாணத்துக்கு இதுவரை உரிமை கோரியவர்களின் பட்டியல் திருநாவுக்கரசுக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் காம்பியா இருந்ததே இல்லை. கோரா என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிக் கோருகிறார்களே என்று அவர் திகைத்துப்போனார். மறுமொழி சொல்ல அந்தப் பதினைந்து நிமிட இடைவேளை போதவில்லை, அடுத்த பதினைந்து நாள் இடைவேளைகளும் போதவில்லை. வாதம் நடந்த வேகத்தில் ஹமில்டனுக்குப் போக வேண்டிய முப்பது வாஷ்பேசின்கள் ரோட்டரூவாவுக்குப் போயின. கடைசியில் எப்ரிமாவே ஒரு சமரசம் சொன்னார்: ரானுயிக்கு வாருங்கள், ஒரு பாட்டில் உங்கள் வாயையும் சேர்த்துக்கொள்வோம்.

மே மாதத்து ஞாயிறொன்றில் பட்டுவேட்டி கட்டி, அதன்மேல் மழைக்கோட்டுப் போட்டு, திருநாவுக்கரசு ரானுயிக்குப் போனார். கராஜில் மடிக்கணினி, ஒலிவாங்கி, சுவரில் சாய்த்த பழைய மெத்தைகள். அவர் உள்ளே வந்ததிலிருந்தே மடிக்கணினியில் சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் சட்டை செய்யவில்லை.

எப்ரிமா சுருதி சேர்க்கத் தொடங்கினார். இருபத்தொரு நரம்பு. நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் அவர் கேட்டார், “பிக் மேன், உங்களைப் பாடணும்னா உங்க ஆட்களை எனக்குத் தெரியணும். அப்பா பேர் என்ன?”

“கந்தையா. தபாலதிபர்.”

“அவங்க அப்பா?”

“ஆறுமுகம். வாத்தியார்.”

“அவங்க அப்பா?”

திருநாவுக்கரசு மெத்தையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். “ஒரே ஒரு விசயம் சொல்லிப்போட்டு முடிக்கிறன்,” என்று தமிழில் தொடங்கி, ஆங்கிலத்துக்குத் தாவி, சோழர்களின் கடற்படையைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் சொன்னார்.

எப்ரிமா பொறுமையாகக் கேட்டார். “நல்லாயிருக்கு. ஆறுமுகத்தோட அப்பா பேர்?”

“ஒரே ஒரு விசயம் சொல்லிப்போட்டு முடிக்கிறன்.” இந்த முறை குமரிக்கண்டம்.

எப்ரிமாவுக்குத் தம்முடைய பாட்டன்மார் பதினொரு பேரின் பெயரும் தொழிலும், அவர்களில் இருவருக்கிருந்த கெட்ட பழக்கங்களும் தெரியும். திருநாவுக்கரசின் வம்சாவளி வேறு விதம். அப்பா தபாலதிபர், பாட்டனார் வாத்தியார், அதற்கு மேல் நேராக ராசராசன். நடுவில் எண்ணூறு வருடம் ஆள் நடமாட்டமே இல்லை. எப்ரிமா அந்த இடைவெளியில் விடாமல் கதவைத் தட்டினார். தட்டிய ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம்தான் வந்து திறந்தது.

இரண்டரை மணி நேரத்துக்குப் பின் கொன்னக்கோல் நடந்தது. தகதிமி தகஜொணு என்று கம்பீரமாகத் தொடங்கி, ஐந்தாம் சுற்றில் தாளம் எங்கே போனது என்று தெரியாமல், தகரக் கூரையில் பெய்த மழை குழப்பிவிட்டதாகச் சொல்லி முடித்தார்.

“எல்லாம் பதிவாச்சுதோ?”

“எல்லாமே பதிவாச்சு,” என்றார் எப்ரிமா, உள்ளதை உள்ளபடி.

அன்றிலிருந்து செப்டம்பர் வரை இந்தச் செய்தி ஒக்லாந்தில் பரவிய வேகத்தில் ஒரு நல்ல செய்தி பரவியதில்லை. கோயில் வரிசையில் சொன்னார். இலங்கைக் கடையில் கருவாட்டுப் பெட்டிக்கு முன்னால் சொன்னார். பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னபோது, எப்படியும் திறந்தாகிவிட்டதே என்று அவருக்கும் சொன்னார். அல்பத்துக்கு ‘ரானுயி மழை’ என்று பெயர். இணையத்தில் எப்போது வெளியிடுவது என்று எப்ரிமா யோசித்தபோது, மன்றத்தின் ஆண்டு விழா மேடையில், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, எல்லோர் முன்னிலையிலும் வெளியிட வேண்டும் என்று வற்புறுத்தியவரும் திருநாவுக்கரசுதான். தம் தலையில் தேங்காய் உடைக்க நேரமும் இடமும் பார்த்துக் கொடுத்த பெருந்தன்மை வேறெவருக்கும் வாய்த்ததில்லை.

அதற்குச் செயற்குழுவின் சம்மதம் வேண்டியிருந்தது. செயலாளர் சுந்தரமூர்த்தி, மதுரைக்காரர், கணினி வேலை. அழைப்பிதழில் அவர் ‘ஜாலி எப்ரிமா வழங்கும் இசை’ என்று சரியாகத்தான் அடித்தார்.

“உதென்ன ஜாலி?” என்றார் சபாரத்தினம். “இது முத்தமிழ் மன்றம். ஜாலிக்கு வாறவை கடற்கரைக்குப் போகட்டும்.”

“சார், அது அவங்க குலப்பட்டம். நம்ம பாணர் மாதிரி.”

“அப்ப பாணர் எண்டு போடும்.”

“பாணர்னு போட்டா அவர் கோவிச்சுக்குவார் சார். பாணரே அவங்க ஆளுங்கதானாம்.”

சபாரத்தினம் ஒரு நிமிடம் எல்லைக்கல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. ‘ஜாலி’ அப்படியே அச்சேறியது. அதை நம்பி அன்று இருபது இளைஞர்கள் கூடுதலாக வந்தார்கள்.

விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எப்ரிமாவுக்கு விடுமுறை. ஆனால் காலையிலேயே வந்து, அட்டை உறையிட்ட சீடி ஒன்றைத் திருநாவுக்கரசின் லாக்கரில் போட்டுவிட்டுப் போயிருந்தார். திருநாவுக்கரசு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். சீடி போட்டுக் கேட்கும் கருவி வீட்டிலும் இல்லை, புதிய காரிலும் இல்லை. எனவே உறையைத் திருப்பி வாசித்தார். எட்டுப் பாட்டு. ஏழின் பெயர் எப்ரிமாவின் மாண்டிங்கா மொழியில் இருந்தது. ஆறாவது மட்டும் ஆங்கிலத்தில், தெளிவாக, ‘மூடி கிரண்’ என்றிருந்தது; தம் பாட்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவர் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை. கீழே, மிகச் சிறிய எழுத்தில், நன்றி கூறும் இடத்தில், வாடகைக்கு ஒலிவாங்கி தந்த கடைக்கும் மெத்தை தந்த அயலவருக்கும் நடுவில், ‘திரு, கிடங்கு’ என்று கிடந்தது.

மனைவி உஷா முதியோர் இல்லத்தில் தாதி. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“ஆர் உந்தக் கிரண்?”

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“தெரியாத ஒருத்தி எப்பிடி உங்கட பாட்டில வந்து குந்தினவள்?”

“அவள் எண்டு ஆர் சொன்னது? அவனாயும் இருக்கலாம்.”

“ஓ, அதையும் விசாரிச்சாச்சோ.”

மகள் ராகவி, பதினாறு வயது, கைப்பேசியில் தேடினாள். ஒக்லாந்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட கிரண்கள் அகப்பட்டார்கள். வீடு விற்பவர் ஒருவர், யோகா ஆசிரியை ஒருவர், நாய்க்கு முடி வெட்டுபவர் ஒருவர். “மேபி ஷீ இஸ் ஜஸ்ட் மூடி, அப்பா,” என்றாள். எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு வடநாட்டுப் பெண் தம் இடத்தில் உட்கார்ந்து பாடுவதைத் திருநாவுக்கரசு கற்பனை செய்து பார்த்தார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். எப்ரிமாவை அழைத்தார், எடுக்கவில்லை. ‘யார் அந்தக் கிரண்?’ என்று செய்தி அனுப்பினார். ‘நாளைக்குக் கேளுங்க, பிக் மேன்’ என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

“நான் நாளைக்குப் போகேல்லை,” என்றார்.

“நல்லது,” என்றார் உஷா. “பதினொரு வருசம் குடுக்காதவைக்கு, பன்னிரண்டாம் வருசம் நீங்களே வேலையை மிச்சமாக்கிக் குடுங்கோ.”

போனார்.

பிளாக்ஹவுஸ் பேயில் வாடகைக்கு எடுத்த மண்டபம். குத்துவிளக்கு, அதனடியில் தீப்பிடித்தால் பொறுப்பு யாருடையது என்ற அறிவிப்பு. மேடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் சபாரத்தினம் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சீடி உறையை வாசித்தார். பக்கத்தில் பெயர் நிரப்பாத பட்டயத்தோடு சுந்தரமூர்த்தி.

“திருநா, உம்மட பாட்டு எத்தினையாவது?”

“ஆறாவது, அண்ணை.”

“ஆறாவதில ஆரோ மூடி கிரண் எண்டெல்லே கிடக்கு.”

வரலாற்றில் சில பொய்கள் நீண்ட யோசனைக்குப் பின் சொல்லப்படுகின்றன. இது அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல.

“அது நான்தான் அண்ணை. என்ர கலைப்பேர்.”

“கலைப்பேரோ? திருநாவுக்கரசு எண்ட பேருக்கு என்ன குறை?”

“வெள்ளைக்காரருக்கு வாயில வராது.”

“சரி, மூடி எண்டால்?”

“மூடியிருக்கிறது, அண்ணை. கிரணம் எண்டால் கதிர். முகில் மூடின கதிர். தன்னடக்கத்தைக் குறிக்கிறது.”

தன்னடக்கம் என்ற சொல்லைத் திருநாவுக்கரசின் வாயிலிருந்து கேட்டதும் சுந்தரமூர்த்திக்கு இருமல் வந்தது. சபாரத்தினம் உறையை மறுபடி திருப்பிப் பார்த்தார். நிலத்தில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, எந்த மூலையில் என்று தெரியவில்லை.

“நல்லது. சபையில எல்லாருக்கும் முன்னால பாட்டைப் போடுவம். உம்மட குரல் கேட்டால் பட்டயம். ஆரும் பொம்பிளைப் பிள்ளை பாடினால், நீர் இந்த மன்றத்தின்ர படி ஏறுறதை நானும் பாக்கிறன்.”

“சார், பட்டயத்துல எந்தப் பேர் எழுதட்டும்?” என்றார் சுந்தரமூர்த்தி.

“அல்பத்தில எந்தப் பேர் இருக்கோ அந்தப் பேர். விதி விதிதான்.”

சுந்தரமூர்த்தி அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘கலைச்சுடர் மூடி கிரண் அவர்கள்’. மை காய ஊதினார்.

ஆறு மணிக்கு எப்ரிமா நீலப் பட்டு அங்கி தரையைத் தடவ மேடையேறி, கோராவை மடிக்கு எதிரே நிறுத்தி, இருபது நிமிடம் சுருதி சேர்த்தார். சபை அதையே முதல் பாட்டு என்று நினைத்துக் கைதட்டியது. முதல் ஐந்து பாட்டுக்கும் மக்கள் மரியாதையாக, வடை வாசனை வந்த திசையைப் பார்த்தபடி இருந்தார்கள். திருநாவுக்கரசு முன்வரிசையில், கதவுக்கு எத்தனை எட்டு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் பிள்ளைகள் கைப்பேசியோடு இருந்தார்கள்.

ஆறாவது பாட்டுக்கு முன் எப்ரிமா ஆங்கிலத்தில் பேசினார். “எங்க வழக்கப்படி ஒரு நண்பனைப் பாடுறேன். ஜாலி பாடினா கோபிக்கக் கூடாது. இவரோட அப்பா பேர் எனக்குத் தெரியும். தாத்தா பேர் தெரியும். அதுக்கு மேல கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மாத்தல. அவர் குரல்லயே வெச்சிருக்கேன். அந்தப் பதில்ல ஒரு சொல் அடிக்கடி வந்துச்சு, அதுதான் தலைப்பு. எழுதும்போது கைப்பேசி கொஞ்சம் திருத்திக் கொடுத்துருச்சு.”

நரம்புகள் ஓடத் தொடங்கின. நல்ல பாட்டு. அதில் சந்தேகமில்லை. எப்ரிமா தம் மொழியில் பாடினார். நடுவில் ‘கந்தையா’ என்பது எல்லோருக்கும் கேட்டது. ‘ஆறுமுகம்’ என்பது கேட்டது. பிறகு குரலை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டார். ஒரு கணம் கோரா நின்றது. ஒலிபெருக்கி இரண்டிலிருந்தும் மண்டபம் அதிரப் பதில் வந்தது:

“ஒரே ஒரு விசயம் சொல்லிப்போட்டு முடிக்கிறன்.”

சபையில் யாரோ வாயிலிருந்த தேநீரைத் திருப்பிக் கோப்பைக்கே கொடுத்தார்.

எப்ரிமா மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில், இப்போது தாளத்தோடு. மூன்றாம் தடவை ‘முடிக்கிறன்’ மட்டும் துண்டாகி, ‘முடிக்கிறன், முடிக்கிறன், முடிக்கிறன்’ என்று கோராவோடு பின்னிப் பிணைந்து ஓடியது. இருபத்தைந்து வருடக் கொன்னக்கோலில் அவருக்கு அகப்படாத தாளம், தெரியாமல் பேசிய பேச்சில் அட்சரம் பிசகாமல் நின்றது. வீட்டில் சோறு வேண்டுமா என்று தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளைகள், ஏழாம் தடவைக்குள் முழு வாக்கியத்தையும் சுத்தமாகப் பாடமாக்கிவிட்டார்கள். ராகவிதான் முதலில் எழுந்தாள். பாட்டு முடிவதற்குள் அந்த வாக்கியம் முப்பத்து நான்கு முறை வந்தது. கடைசிப் பத்து முறை மண்டபமே பாடியது. எட்டு வருடமாகத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்காக என்று அவரும் சொல்லவில்லை.

“உது திருநாவின்ர குரல்தானே?” என்று சபாரத்தினம் பக்கத்தில் கேட்டார்.

“ஆமா சார். இதுல என்ன சந்தேகம்?”

“அப்ப மூடி கிரண் எண்டது...” சபாரத்தினம் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை, கொஞ்சம் வேகமாக, சொல்லிப் பார்த்தார். முகம் மாறியது. சிரிப்பதா, கோபிப்பதா என்று அளந்துகொண்டு நின்றார். பிறகு, “குடுக்கத்தான் வேணும். விதி விதிதான்,” என்றார்.

திருநாவுக்கரசு மேடை ஏறினார். பொன்னாடை விழுந்தது. பட்டயம் கைக்கு வந்தது. பதினொரு வருடமாக எழுதித் திருத்தி, நாற்பது நிமிடம் வருமாறு அமைத்த ஏற்புரை சட்டைப்பையில் இருந்தது. அவர் கோபமாக இல்லை. ஜாலி பாடினால் கோபிக்கக் கூடாது என்பதற்காக அல்ல. இத்தனை பேர் இத்தனை சத்தமாகத் தம் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லி அவர் கேட்டதில்லை. அதன் சுகம் இன்னும் காதில் இருந்தது.

“பெரியோர்களே, தாய்மார்களே,” என்றார். யாழைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். எப்ரிமாவுக்கு நன்றி சொன்னார். சபை அமைதியாகக் கேட்டது. அந்த அமைதி அவருக்குத் தைரியம் தந்தது. கடற்படைக்குப் போக வேண்டிய வேளை. வழக்கமான வாசல் ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

“ஒரே ஒரு விசயம்...”

“சொல்லிப்போட்டு முடிக்கிறன்!” என்றது மண்டபம், தாளத்தோடு. எப்ரிமா, தொழில் தெரிந்தவர், சரியான இடத்தில் கோராவை மீட்டிவிட்டார்.

சிரிப்பு அடங்கும் வரை நின்றார். “இல்லை, உண்மையா, ஒரே ஒரு...”

“முடிக்கிறன், முடிக்கிறன், முடிக்கிறன்!”

மூன்றாம் தடவை அவர் வாயைத் திறந்தார். முன்வரிசையில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று, பாடத் தயாராக, அவரோடு சேர்ந்து வாயைத் திறந்தது. அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கும்பிட்டுவிட்டு இறங்கினார். சுந்தரமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

அடுத்து நன்றியுரை, சபாரத்தினம். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்பது மன்றத்தின் மரபு. பன்னிரண்டாம் நிமிடத்தில், பழக்கதோஷத்தால், “கடைசியா ஒரே ஒரு விசயம்,” என்றார். பின்வரிசை எழுந்தது. அவர் தலைவர், பெரியவர், நில அளவையாளர். எல்லாம் இருந்தும் உட்கார வேண்டியதாயிற்று. வடை சூடாகக் கிடைத்த முதல் ஆண்டு விழா என்று மன்றத்தின் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது.

திங்கட்கிழமை கிடங்கில் எப்ரிமா கேட்டார், “கோபமா, பிக் மேன்?”

“கோபமில்லை. ஆனால் சோழரைப் பற்றிச் சொன்னது ஒண்டையும் போடேல்லையே நீர்.”

“அது உங்க குடும்பம் இல்லையே,” என்றார் எப்ரிமா, ஃபோர்க்லிஃப்டைத் திருப்பிக்கொண்டே. “ஆறுமுகத்தோட அப்பா பேர் தெரிஞ்சா சொல்லுங்க. அடுத்த அல்பத்துல இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்.”

திருநாவுக்கரசு அன்று மதியமே கனடாவிலுள்ள பெரியப்பா மகனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் ராசராசனைப் பற்றி அவரிடம் நிறையச் செய்தி இருந்தது.

பட்டயம் இப்போது பிளாக்ஹவுஸ் பே வீட்டு வரவேற்பறையில், சட்டம் போட்டு, சோபாவுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதை வாசித்துவிட்டு, யாரந்த மூடி கிரண் என்று கேட்கிறார்கள். திருநாவுக்கரசு முகம் மலர்ந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, முகில் மூடிய கதிரிலிருந்து விளக்கத் தொடங்குவார். ஐந்தாறு நிமிடம் நன்றாகவே போகும். பிறகு அந்த வாசலுக்கு வருவார். ‘ஒரே’ என்பார். உள்ளே குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் உஷா மெல்ல முணுமுணுக்கத் தொடங்குவார், கோராவின் மெட்டில். திருநாவுக்கரசு நிறுத்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பார்.

விருந்தாளிகள் இப்போதெல்லாம் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேருகிறார்கள்.